குப்பை வண்டிக்குப் 'போதும்' சொல்லத் தெரியாது: நெட் தேர்வுக்கு ரிசெப்டார் படித்த கதை

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி கிலோ 2 ரூபாய்க்கு விழுந்த வாரத்தில்தான் எனக்கு எல்.டி.எல். ரிசெப்டார் புரிந்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் துகள்தான் எல்.டி.எல்., அதைப் பிடித்துச் செல்லுக்குள் விடும் வாசல் புரதம்தான் அதன் ரிசெப்டார். அதற்கு முன் இரண்டு வருடமாக அதை மனப்பாடமாக வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு, கோச்சிங் சேர வசதியில்லாமல், வீட்டிலிருந்தே படித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி தரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை லைஃப் சயின்சஸில் எழுதியவள் நான். பாதிப் படிப்பு பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மீதி தர்மபுரி மாவட்ட மைய நூலகத்தில். முதல் முறை போச்சு. இரண்டாம் முறை உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கைநழுவியது. அதனால் இதை டாப்பர் சொல்லும் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தலைப்பில் விழுந்து எழுந்தவள் சொல்வது.

முதல் முறை போனதற்குக் காரணம் வினாத்தாளின் மூன்றாம் பகுதியான பார்ட் சி. மொத்தம் 200 மதிப்பெண்ணில் பாதி அங்கேதான் இருக்கிறது. 75 கேள்விகளில் 25 எழுதலாம், சரியானால் 4, தவறானால் 1 போகும். 25-ஐயும் எழுதித் தீர்த்தேன். பெயர் தெரிந்த கேள்வியெல்லாம் விடை தெரிந்த கேள்வி என்று நினைத்துவிட்டேன். பார்ட் சி பெயரைக் கேட்பதில்லை. ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் அந்த எலிக்கு என்ன ஆகும் என்று கேட்கும்.

தமனி அடைப்பு நம் சிலபஸில் ஒரே இடத்தில் கிடைக்காது. கொலஸ்ட்ரால் உருவாவது யூனிட் 1-இல், செல்லுக்குள் எல்.டி.எல். நுழைவது யூனிட் 2-இல், கிருமியைக் கண்டு அலாரம் அடிக்கும் டோல் போன்ற ரிசெப்டார்கள் (டி.எல்.ஆர்.) யூனிட் 4-இல். மூன்றையும் மூன்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன், மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு புதிர் சொல்கிறேன்.

பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் 1985-இல் நோபல் பரிசு வாங்கியது எல்.டி.எல். ரிசெப்டாருக்காக. பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வாங்கிய குழந்தைக்கு இந்த ரிசெப்டார் வேலை செய்யாது, சின்ன வயதிலேயே மாரடைப்பு வரலாம். அந்தக் குழந்தையின் தமனிச் சுவரைப் பார்த்தால், கொலஸ்ட்ரால் நிரம்பி நுரை போல உப்பிய மேக்ரோஃபேஜ்கள் (கிருமியையும் கழிவையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) குவிந்திருக்கும். அதுதான் ஃபோம் செல். எல்.டி.எல்.-ஐ உள்ளே விடும் வாசலே இல்லாத உடம்பில், அந்தச் செல்லுக்குள் எல்.டி.எல். எப்படிப் போனது?

பதிலைப் படிக்காமல் ஒரு நாள் இதோடு உட்காருங்கள். நான் உட்காரவில்லை, அதனால்தான் இரண்டு வருடம் ஆனது.

அந்த வாரம் மாமா தக்காளியை மண்டிக்குக் கொண்டுபோனார். கடைக்காரர், "இடமில்லைங்க, இருக்கிறதே போகல" என்று திருப்பி அனுப்பினார். பறிகூலிகூடக் கட்டாது என்று மாமா அதை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். இரண்டு நாளில் அழுகிப்போனது. பிறகு குப்பை வண்டி வந்து அள்ளியது. கடைக்காரர் சொன்ன 'போதும்' என்ற சொல்லைக் குப்பை வண்டி சொல்ல முடியாது. கொட்டியிருப்பதெல்லாம் அதன் பாடு.

எல்.டி.எல். ரிசெப்டார்தான் அந்தக் கடைக்காரர். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் கூடினால் ரிசெப்டார் மரபணுவை முடுக்கிவிடும் எஸ்.ஆர்.இ.பி.பி. என்ற புரதம் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையிலேயே கட்டிப்போடப்படும், கோல்கி என்ற செல் உறுப்புக்குப் போய் வெட்டுப்பட்டு நியூக்ளியஸுக்கு வராது. புது ரிசெப்டார் உருவாவது குறையும், கொள்முதல் நிற்கும். வாங்காத சரக்கு ரத்தத்தில் சுற்றி, தமனியின் உள்சுவரில் சிக்கி, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இது அழுகிய தக்காளி. இதை அடையாளம் காண்பவை மேக்ரோஃபேஜின் ஸ்காவெஞ்சர் (குப்பை அள்ளும்) ரிசெப்டார்கள், அதாவது எஸ்.ஆர்.-ஏ, சி.டி.36 வகையறா. உள்ளே கொலஸ்ட்ரால் நிரம்பினாலும் இவை மூடிக்கொள்வதில்லை. சி.டி.36 இன்னும் மோசம். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். உள்ளே போகப் போக, மரபணுக்களை முடுக்கும் பி.பி.ஏ.ஆர். காமா என்ற புரதம் வழியாக அதன் உற்பத்தி கூடவே செய்கிறது. 1979-இல் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும்தான், அசிடைல் சேர்த்து மாற்றிய எல்.டி.எல்.-ஐ மேக்ரோஃபேஜ் வேறொரு வாசல் வழியாக விழுங்குவதைக் காட்டினார்கள். குழந்தையின் புதிர் அங்கே அவிழ்ந்தது.

அன்றைக்கே நோட்டை மாற்றினேன். எந்த ரிசெப்டாராக இருந்தாலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் முதலில் எழுதுவது, 'இதை மூடுவது யார்?' என்பதுதான். எது வந்து ஒட்டுகிறது, ஒட்டிய பின் உள்ளே என்ன நடக்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகும் எல்லாம் அதற்குப் பிறகு. இன்சுலினுக்கும் எழுதினேன், செடிகளின் ஆக்சினுக்கும் எழுதினேன்.

நோயெதிர்ப்புப் பக்கத்தில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. குப்பை அள்ளுவதோடு நின்றிருந்தால் தமனிக்கு இவ்வளவு கேடு வராது. அள்ளும்போதே வண்டி ஹாரன் அடித்து ஊரைக் கூட்டுகிறது. சி.டி.36 ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.-ஐப் பிடித்ததும், டி.எல்.ஆர்.4-ஐயும் டி.எல்.ஆர்.6-ஐயும் ஜோடி சேர்த்து அழற்சிக்கான சமிக்ஞையைக் கிளப்புகிறது. கிருமிக்காக வைத்த அலாரம், கிருமியே இல்லாமல் அடிக்கிறது. இன்னொன்று, பலர் தவறவிடுவது: கொலஸ்ட்ரால், செல்லின் சவ்வுக்குள்ளேயும் இருக்கிறது. ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 என்ற இரண்டு பம்புகள் அதை வெளியேற்றி, கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்துப்போகும் ஹெச்.டி.எல். கையில் கொடுக்கின்றன. இந்த இரண்டையும் நீக்கிய எலிகளின் மேக்ரோஃபேஜ் சவ்வில் கொலஸ்ட்ரால் தேங்கி, லிப்பிட் ராஃப்ட் (ரிசெப்டார்கள் கூடி நிற்கும் கொலஸ்ட்ரால் திட்டுகள்) கூடி, டி.எல்.ஆர்.4 வழக்கத்தைவிடப் பலமாகக் கத்துகிறது. ஆக, கொலஸ்ட்ரால் ரிசெப்டாருக்கு வெளியே நின்று கதவைத் தட்டுவது மட்டுமில்லை, ரிசெப்டார் நிற்கும் தரையாகவும் இருக்கிறது. யூனிட் 2-இல் சவ்வு படிக்கும்போதே இதை ஓரத்தில் குறித்து வைத்துவிடுங்கள்.

ஒரு இடத்தில் நான் வழுக்கினேன், நீங்கள் வழுக்க வேண்டாம். 'சி.டி.36-ம் எஸ்.ஆர்.-ஏ-வும் இல்லாத எலியில் ஃபோம் செல்லே உருவாகாது' என்று ஒரு மாக் டெஸ்டில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தேன். தவறு. அப்படிப்பட்ட எலிகளிலும் ஃபோம் செல்கள் உருவாகவே செய்தன, நோய் குறைந்ததா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. விழுங்க வேறு வழிகளும் உண்டு. உதாரணம் புரிய வைக்கும், விடை எழுதாது. 'மட்டுமே', 'எப்போதும்', 'முற்றிலும்' என்று ஆப்ஷனில் வந்தால் இரண்டு முறை படியுங்கள்.

என் மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் ராத்திரி அட்டார்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை. ஒரு நாள் கேட்டார்: "ஏம் பாப்பா, இந்த மாத்திரை கொழுப்பைக் கரைச்சிடுமா?"

"கரைக்காது மாமா. கடைக்காரருக்குச் சொந்தத் தோட்டம் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்த மாத்திரை அந்தத் தோட்டத்தைக் காய வச்சிடும். அப்ப அவர் என்ன செய்வார்?"

"மண்டிக்கு வந்து நம்மகிட்டத்தான் வாங்கணும்."

"அதான். ரோட்டுல அழுகறது குறையும்."

மாத்திரை தடுக்கும் ஹெச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் (செல் தானே கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதி), எஸ்.ஆர்.இ.பி.பி., கல்லீரலின் எல்.டி.எல். ரிசெப்டார் மூன்றும் அந்த நாலு வரியில் அடங்கிவிட்டன. "அப்ப ரிப்போர்ட்டுல கம்மியாயிடுச்சே, நிறுத்திடலாமா?" என்றார். நிறுத்தினால் தோட்டம் மறுபடி காய்க்கும் என்றேன், மீதியை டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். படிப்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள், எங்கே முழிக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டை.

கடைசியாக ஒரு ஆய்வு, நேரமிருந்தால் படியுங்கள். மேக்ரோஃபேஜுக்குள் கொலஸ்ட்ரால் படிகமானால் அது செல்லுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம் என்ற அலாரத்தைத் தூண்டி, அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளிவிடச் செய்கிறது என்று 2010-இல் காட்டினார்கள். 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரைச் சேர்த்து, அந்த இன்டர்லூக்கினைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைச் சோதித்தார்கள். 150 மில்லிகிராம் ஊசியில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. எல்.டி.எல். அளவு மாறவே இல்லை. குப்பை அப்படியே இருக்க, ஹாரனை மட்டும் அடக்கினார்கள். ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. அலாரத்தை அணைத்தால் நிஜத் திருடனும் உள்ளே வருவான்.

இரண்டாம் முறை தேர்வு மையம் சேலம். விடியற்காலை பஸ்ஸில் தொப்பூர் கணவாய் இறங்கும்வரை நோட்டைப் புரட்டினேன், வளைவுகளில் தலை சுற்றி மூடி வைத்தேன். பார்ட் சி-யில் 19 மட்டும் எழுதினேன். ரிசெப்டார் கேள்விகள் வேறு வேறு உருவில் வந்தன, 'மூடுவது யார்' என்று கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். எல்.டி.எல். பற்றி மட்டும் ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப என் தக்காளி மறுபடியும் போணி ஆகலையா?"