இடம் மாற்றிய குமிழ்கள்

சேர் போய்விட்டார் என்று கூடப் படித்தவன் தொலைபேசியில் சொன்னான். எந்தச் சேர் என்று நான் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் எங்களோடு விஞ்ஞானம் படித்த எவரும் கேட்கமாட்டார்கள்.

மின்சுற்று தொடங்கிய கிழமை அது. கடைசி இரண்டு பாடவேளை, ஆய்வுகூடத்து நீள மேசை, நான்கு பேருக்கு ஒரு பலகை. எங்கள் பலகையில் 1.5 வோல்ற்றுக் கலங்கள் இரண்டு, ஓர் ஆளி, தொடராக இரண்டு குமிழ்கள். ஆளியை மூடினோம். கலத்தின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருந்த குமிழ் நன்றாக எரிந்தது, மற்றது மங்கலாக. ஏன் என்று சேர் கேட்டார். நான்தான் எழுந்தேன். "முதல் குமிழ் மின்னோட்டத்தைக் குடிச்சுப்போட்டு மிச்சத்தைத்தான் மற்றதுக்கு விடுது சேர்."

வகுப்பே சிரித்தது. காது சுட்டது. இதை எழுதும்போதும் அந்தச் சூடு தெரிகிறது.

சேர் சிரிக்கவில்லை. "சிரிச்ச ஆக்கள் சரியான விடையைச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் மனதில் இருந்ததும் என் விடைதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"தம்பி, ரெண்டு குமிழையும் இடம் மாத்திப் போடு."

மாற்றினேன். மிச்சம் வாங்க வேண்டிய இடத்துக்குப் போன குமிழ்தான் இப்போதும் பிரகாசமாக எரிந்தது! இரண்டும் ஒரே வகைக் குமிழ்கள் அல்ல. தொடர்ச்சுற்றில் தடை கூடிய குமிழ்தான் கூடுதலாக ஒளிரும், அது எங்கே இருந்தாலும் சரி. அப்புறம் அம்பியர்மானியை என் கையிலேயே தந்து, குமிழ்களுக்கு முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்திலும் அளக்கச் சொன்னார். மூன்றிலும் முள் 0.2 அம்பியரில் நின்றது. யாரும் எதையும் குடிக்கவில்லை.

"அப்ப கலம் ஏன் தீருது சேர்?" என்று கேட்டேன். அவர் வெளியே போய்த் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் வந்தார். பின் சில்லைத் தூக்கிப் பிடித்து என்னை மிதிக்கச் சொன்னார். செயின் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடியது. சுற்றிவந்த செயினில் ஒரு கண்ணிகூடக் குறையவில்லை. செலவானது என் கால் கொடுத்த சக்தி. அது சில்லுக்குப் போனது. செயின்தான் மின்னோட்டம், கால்தான் கலம். கம்பிக்குள் இலத்திரன்கள் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட நகராமல் ஊர்ந்தாலும், ஆளியை மூடியதும் குமிழ் ஏன் உடனே எரிகிறது என்பதும் அதிலேயே விளங்கியது. மிதித்த கணத்தில் முழுச் செயினும் ஒன்றாக அசைகிறது. பிறகு பல்கலைக்கழகத்தில் சமன்பாடுகளோடு இதையே படித்தேன். அங்கேயும் எனக்குக் கைகொடுத்தது அந்தச் செயின்தான்.

மணி அடித்தபோது சேர் என்னை மட்டும் நிறுத்தினார். "ஒரு குமிழ் எரியுது. அதுக்குச் சமாந்தரமா இன்னொண்டைப் போட்டால் கலத்திலிருந்து வாற ஓட்டம் கூடுமோ, குறையுமோ? இப்ப சொல்லாதை. அளந்துபோட்டு வந்து சொல்லு."

அளக்கவில்லை. அடுத்த விடுமுறையில் நாங்கள் வெளிநாடு வந்துவிட்டோம். அவருக்கு ஒரு கடிதம் எழுத எத்தனை ஆண்டுகள் இருந்தன. நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போன பிறகு எழுதலாம் என்று இருந்தேன். வேலையும் கிடைத்தது. கடிதம் எழுதவில்லை.

செய்தி வந்த கிழமை பேரனோடு மேசையில் உட்கார்ந்து அந்தச் சுற்றை அமைத்தேன். முதலில் ஒரு குமிழ். 0.3 அம்பியர். சமாந்தரமாக இரண்டாவதைப் போட முதல், "குறையும் தாத்தா, ரெண்டும் பங்குபோடும்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அளவியை அவன் கையில் கொடுத்தேன்.

கிட்டத்தட்ட 0.6.

கூடுது சேர்.