விளம்பரத்துக்கு முன்னால் செய்த வேலைகள்

சின்ன அலுவலகங்களுக்குக் கணினி, பிரிண்டர், நெட்வொர்க் பராமரிப்பு செய்து தருவது எங்கள் தொழில். தெரிந்தவர்கள் மூலம் வந்துகொண்டிருந்த வேலை ஒரு கட்டத்தில் அப்படியே தேங்கி நின்றது. சரி, மார்க்கெட்டிங்கை முறையாகச் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதுதான் பங்குதாரரின் முதல் கேள்வி.

மார்க்கெட்டிங்கில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் வகுத்த பட்டியலைப் பார்த்தால் விளம்பரம் நாலில் ஒன்றுதான். பொருள், விலை, கிடைக்கும் இடம் ஆகியவை மற்ற மூன்று. சேவைத் தொழில்களுக்காக பூம்ஸ், பிட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-ல் ஆட்கள், வேலை நடக்கும் முறை, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் என்று இன்னும் மூன்றைச் சேர்த்தார்கள். எதை முதலில் யோசிப்பது என்று முடிவு செய்ய இந்தப் பட்டியல் போதும், அதற்கு மேல் அதில் தேடவேண்டாம்.

முதலில் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். "எங்கள் சேவை எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால், "எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்ன தொல்லை இருந்தது, வேறு யாரையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். எங்கள் தொழில்நுட்பத் திறமையைப் பற்றி யாருமே பேசவில்லை. ஓர் அலுவலக மேலாளர், "நீங்க ஃபோனை எடுக்கிறீங்க சார், மத்தவங்க எடுக்கிறதில்லை" என்றார். இன்னொருவர், பில் எவ்வளவு வருமோ என்ற பயத்திலேயே ரிப்பேரைத் தள்ளிப்போட்டதாகச் சொன்னார்.

இந்த இரண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. "சிறந்த தரம், நியாயமான விலை" என்று எவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரியை எடுத்துவிட்டு, "கூப்பிட்டால் எடுப்போம். எப்போது வருவோம் என்பதை ஒரு மணி நேரத்துக்குள் சொல்வோம்" என்று எழுதினோம். எழுதினால் போதாதே, அதைக் காப்பாற்ற வேண்டுமே! ஃபோனுக்கென்று ஒருவரை உட்கார வைத்தோம். வருகைக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது, அதற்கு மேல் செலவானால் கேட்டுவிட்டே செய்வது என்று விலை முறையையும் மாற்றினோம். செலவு கூடியதால் பங்குதாரருக்கு முதலில் மனமில்லை.

யாருக்கு விற்பது என்பதில்தான் அதிகம் வாக்குவாதம். வீட்டு வாடிக்கையாளர்களைக் கைவிட மனம் வரவில்லை. ஆனால் பில்களைப் புரட்டிப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வருபவை சொந்தமாக ஐடி ஆள் இல்லாத சின்ன அலுவலகங்கள்தான் என்று தெரிந்தது. அவற்றில் பலவற்றை எங்களிடம் அனுப்பியது அவற்றின் கணக்காளர்கள். அதனால் முதலில் கணக்காளர்களைத்தான் போய்ப் பார்த்தோம்.

அப்புறம்தான் இணைய விளம்பரம். இரண்டு வடிவம் போட்டோம், தலைப்பு வரி மட்டும் வேறு. படம், இணைப்பு, யாருக்குக் காட்டுவது எல்லாம் ஒன்றே. ஒரே நேரத்தில் நாலை மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? கிளிக் எண்ணிக்கையைப் பார்த்துப் பங்குதாரர் குதூகலித்தார். நான் பார்த்தது, செலவான தொகையை அதில் கிடைத்த புது வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்து வந்த தொகையை. பில் வரும் என்ற பயத்தைத் தொட்ட வரிதான் அதில் மலிவாக முடிந்தது.

இப்போது புதிதாக யார் கூப்பிட்டாலும் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டுப் பதிவேட்டில் குறித்துவிடுகிறோம். கணக்காளர்கள் பெயர்தான் அதில் அதிகம். விளம்பரத்தை நிறுத்தவில்லை, தொகையை மட்டும் குறைத்திருக்கிறோம்.