ஊர்க்காரர்களுக்கு அனுமதி இலவசம்

தெற்கு பிரான்ஸில் ஆர்ல் என்ற ஊருக்குச் சற்று மேலே ரோன் ஆறு இரண்டாகப் பிரிகிறது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே கமார்க் என்கிற சதுப்பு நிலம். உப்பளம், நெல் வயல், கறுப்பு மாடு, வெள்ளைக் குதிரை என்று கடல் வரை அதுதான். ஆர்லில் சுமார் 50,000 பேர் வசிக்கிறார்கள். ஆற்றங்கரையில் நடந்தால் அரை மணி நேரத்தில் பழைய ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். ஜூலை தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய செப்டம்பர் கடைசி வரைக்கும் இந்தச் சின்ன ஊர் முழுக்கப் புகைப்படக் கண்காட்சி நடக்கும்.

மார்செய்யில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது கோடை வேலைக்காக அங்கே போனேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். என் கணக்கில் பெரும்பகுதி அந்தக் கோடையில்தான் தீர்ந்தது. வாசலில் நின்று டிக்கெட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும், படங்களில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேலை இவ்வளவுதான். பெரிய படிப்பு எதுவும் தேவைப்படாத வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரு கண்காட்சி யாருக்காக நடக்கிறது என்பதை அந்த வாசலில் நிற்பவருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது என்று நம்புகிறேன்.

இந்த விழா 1970-ல் தொடங்கியது. ஆர்லில் பிறந்த புகைப்படக்காரர் லூசியன் கிளெர்க், எழுத்தாளர் மிஷேல் தூர்னியே, வரலாற்றறிஞர் ழான்-மொரிஸ் ரூக்கெத் ஆகிய மூவரும் சேர்ந்து தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1965-ல், கிளெர்க்கும் ரூக்கெத்தும் ஊரின் ரேயாத்து அருங்காட்சியகத்தில் புகைப்படத்துக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். புகைப்படத்தைக் கலை என்று ஏற்கவே பலர் தயங்கிய காலம் அது. தலைநகரத்தின் பெரிய கூடங்களில் இடம் தேடாமல் சொந்த ஊரிலேயே, இருக்கிற கட்டடங்களை வைத்தே ஆரம்பித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது. 2019-ல் 50-வது விழா நடந்தபோது 1,45,000 பேர் வந்தார்கள். ஊரின் மக்கள்தொகையைப் போல மூன்று மடங்கு.

கண்காட்சிக்கென்று கட்டிய கூடங்கள் இங்கே குறைவு. வழிபாடு நின்றுபோன தேவாலயங்கள், ரோமானியர் காலத்து நிலவறைகள், மூடிப்போன ரயில்வே பட்டறை, இப்படிக் கிடைத்த இடத்தில் எல்லாம் படங்கள் மாட்டுகிறார்கள். லமார்த்தீன் சதுக்கத்தில் மொனோப்ரி என்ற பல்பொருள் அங்காடி இருக்கிறது. கீழே தக்காளியும் சோப்பும் விற்றுக்கொண்டிருப்பார்கள், மாடியில் கண்காட்சி நடக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கடைக்கு வந்தவர் கையில் பையோடு அப்படியே மேலே ஏறி வந்துவிடலாம்.

என்னை முதலில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரேர் ப்ரெஷூர் தேவாலயத்தில் நிறுத்தினார்கள். டொமினிக்கன் துறவிகள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது. வெளியே கல் தரை கொதிக்கும், சில்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கும். உள்ளே காலடி வைத்தால் குளிர்ந்துவிடும். பழைய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் நடுவில் தற்காலிகச் சுவர்களை எழுப்பி, அதில்தான் படங்களை மாட்டியிருந்தார்கள். வடக்கேயிருந்து மிஸ்திரால் காற்று வீசும் நாட்களில் பெரிய கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். அதைப் பிடித்துக் கொக்கி மாட்டுவதும் என் வேலைதான்.

முதல் வாரத்துக்குத் தொடக்க வாரம் என்று பெயர். உலகம் முழுவதிலிருந்தும் புகைப்படக்காரர்கள், பதிப்பாளர்கள், அருங்காட்சியகத்துக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் வந்து குவிவார்கள். கழுத்தில் அட்டை, தோளில் துணிப்பை, கையில் வரைபடம். ஒரு நாளைக்குப் பத்து கண்காட்சி பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பார்கள். வேகமாகச் சுற்றி வருவார்கள், சுவரில் இருக்கும் அறிமுகக் குறிப்பைப் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள், வாசலில் தெரிந்தவரைப் பார்த்தால் கட்டிப்பிடித்துப் பேசுவார்கள். குறை சொல்லவில்லை. அந்த வாரத்தில்தான் இளம் கலைஞர்களுக்கு அடுத்த வாய்ப்பு கிடைக்கிறது, புத்தகங்கள் முடிவாகின்றன. ஆனால் பத்திரிகைகளில் விழா என்று எழுதப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். மீதி நாட்களை நாங்கள்தான் பார்த்தோம்.

அதே வாரத்தை ஒட்டி ஊருக்கும் சொந்தத் திருவிழா ஒன்று உண்டு. வெள்ளி இரவு பெகுலாடோ ஊர்வலம். ஊர் உடை அணிந்தவர்கள் விளக்குகளோடு தெருத்தெருவாக நடந்து வருவார்கள். ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை உடைத் திருவிழா. மறுநாள் திங்கள்கிழமை ரோமானிய அரங்கில் கொக்கார்த் தோர் என்னும் மாட்டுப் பந்தயம். கமார்க் மாட்டின் கொம்புகளுக்கு நடுவே சின்னச் சிவப்பு நாடாவைக் கட்டியிருப்பார்கள். வெள்ளை உடுத்திய இளைஞர்கள் ஓடிப்போய், கையில் பிடித்திருக்கும் கொக்கியால் அதைப் பறிக்க வேண்டும். யார் பறிக்கிறாரோ அவருக்குப் பரிசுப் பணம். பறிக்க முடியாமல் நேரம் ஆக ஆக, ஒலிபெருக்கியில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார்கள். பதினைந்து நிமிடம் முடிந்தால் மாடு வந்த வழியே திரும்பிப் போய்விடும். சுவரொட்டியில் மாட்டின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும், ஆட்களின் பெயர் சின்னதாக. ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம். (மாட்டைக் கொல்லும் ஸ்பானிய முறைப் போட்டியும் இதே அரங்கில் ஈஸ்டரிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. அது வேறு. நான் போகவில்லை.)

ஆக, ஒரே திங்கள்கிழமையில் ஒரே தெருவில் இரண்டு கூட்டம். ஒன்று அரங்கை நோக்கிப் போகும், இன்னொன்று கண்காட்சியை நோக்கி. ஒருவர் தோள் இன்னொருவர் மேல் உரசும், ஆனால் பேச்சு இருக்காது. முதல் சில நாட்களில் எனக்கு மனதை உறுத்தியது இதுதான். விழா ஆர்ல்வாசிகளுக்கு இலவசம். முகவரிச் சான்று காட்டினால் போதும், டிக்கெட் வேண்டாம். இருந்தும் வாசலில் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, அட்டை மாட்டியவர்களைக் கண்டதும் அப்படியே நகர்ந்து போன ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். கோடையில் வீடுகளையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவதால் வாடகை எகிறிப்போகிற ஊர் அது. வேலைக்குப் போன எங்களுக்கே பாலத்துக்கு அந்தப் பக்கம், திரேன்கெத்தாயில் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டுதான் இருக்க முடிந்தது. இது நமக்கான விழா இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

அந்தத் திங்களன்று, அரங்குக்குப் போகிற வழியில், ஊர் உடையில் இரண்டு பெண்கள் வெயில் தாங்காமல் தேவாலய வாசலில் ஒதுங்கினார்கள். நீளப் பாவாடை, தலையின் உச்சியில் சுற்றிய வெல்வெட் நாடா, மார்பில் மடிப்பு மடிப்பாக மெல்லிய துணி. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, அந்தத் துணியைப் பிடித்து நிறுத்துவது பொத்தான் இல்லை, குண்டூசிகள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று. ஒருத்திக்கு ஓர் ஊசி கழன்று தோள்பட்டையில் துணி சரிந்திருந்தது. அறிவிப்புத் தாள்களைக் குத்த நாங்கள் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஊசி எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமலே, விரலால் தடவிப் பார்த்து, மற்றவள் மடிப்பைச் சரிசெய்து குத்திவிட்டாள்.

"உள்ளே குளிர்ச்சியா இருக்கு, பார்த்துட்டுப் போங்க" என்றேன். "டிக்கெட் எடுக்கலையே" என்றார்கள். "உங்களுக்கு இலவசம்தான்."

வந்தார்கள். சால்வை போர்த்திய ஒரு மூதாட்டியின் உருவப்படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் அந்தப் படத்தைக் கடந்து போயிருந்தார்கள். வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார்கள், சட்டகத்தைப் பற்றிப் பேசினார்கள். இவர்கள் சால்வையைப் பார்த்தார்கள். "இந்த அம்மா தானாகப் போர்த்திக்கொள்ளவில்லை, வேறு யாரோ போர்த்திவிட்டிருக்கிறார்கள். இடது தோளில் மடிப்பு வந்திருக்கிற பக்கத்தைப் பார்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. படத்துக்கு வெளியே இருந்த ஒரு கை எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஆகஸ்ட்டில் என்னைப் பட்டறைக்கு மாற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்த்த இடம் அது. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்டது. 1984-ல் மூடினார்கள். இப்போது அதே வளாகத்தில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த 56 மீட்டர் கோபுரம் நிற்கிறது, 2021-ல் திறந்தது. வெயில் பட்டால் அதன் எஃகுத் தகடுகள் கண்ணைக் கூசவைக்கும். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். எங்கள் கண்காட்சி இருந்தது பக்கத்தில் உள்ள பழைய இயந்திரக் கூடத்தில்.

ஒரு மதியம் ஒரு பெரியவர் தனியாக வந்தார். படங்களின் பக்கமே திரும்பாமல் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். அப்புறம் ஒரு தூணருகில் நின்று, தரையில் செருப்பால் ஒரு கோடு கிழித்துக் காட்டி, "இங்கே தண்டவாளம் போச்சு" என்றார். பதினாறு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தாராம். மூடிய அன்று வரைக்கும் இருந்திருக்கிறார். சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் கையசைவிலேயே பேசிக்கொள்வோம் என்று சொல்லி இரண்டு மூன்று சைகைகளைச் செய்து காட்டினார். திறந்ததிலிருந்து ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "கூப்பிடலையே" என்றார்.

இலவசம் என்று பலகை வைப்பதும் வாங்க என்று கூப்பிடுவதும் ஒன்றில்லை. அன்றிலிருந்து வாசலில் தயங்குகிற யாரையும் நானாகவே அழைத்தேன். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவரும் சரி என்றார். அந்தப் பெரியவர் மறு வாரம் கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு வந்தார். அப்போது படங்களையும் பார்த்தார்கள். ஒரு தொழிற்சாலைப் படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் வாதம் நடந்தது. அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்ததா, படத்துக்காக நிறுத்திவைத்து எடுத்ததா என்று.

இந்த ஊருக்கும் கலைஞர்களுக்கும் உள்ள உறவைப் பேசும்போது எல்லோரும் வான் கோவுக்குத்தான் போவார்கள். 1888 பிப்ரவரியில் வந்து 1889 மே வரை இருந்தார். அக்கம்பக்கத்தார் சுமார் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு அவரை அடைத்துவைக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள் என்பதை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையின் முற்றத்தில் அவர் வரைந்தபடியே இன்று தோட்டம் வளர்க்கிறார்கள். ரோன் ஆற்றின் மேல் விண்மீன்களை அவர் தீட்டிய ஓவியம், தீட்டிய ஊருக்குத் திரும்ப 136 வருடம் ஆனது. 2024 கோடையில் சில வாரங்களுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். மனு கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. தங்கள் தெருவில் குடியிருந்தவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட ஒரு வாசல் அன்றைக்கு இல்லை.

செப்டம்பரில் கூட்டம் வடிந்துவிடும். பள்ளிகள் திறந்ததும் மாணவர்கள் வகுப்பு வகுப்பாக வருவார்கள். 2004-லிருந்து விழாவே இதற்கென்று ஏற்பாடு செய்கிறது. ஆசிரியரோடும் வழிகாட்டியோடும் தரையில் உட்கார்ந்து ஒரு படத்தை மட்டும் வெகுநேரம் பார்ப்பார்கள். இந்த மூலையில் என்ன இருக்கிறது, இதை எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கேள்விகள் போகும். தொடக்க வாரத்தில் வந்த எவரும் ஒரு படத்துக்கு அவ்வளவு நேரம் கொடுத்து நான் பார்க்கவில்லை. எங்கள் வேலையும் அப்போதுதான் எனக்கு உண்மையில் பிடித்தது.

அப்படி வந்த பையன் ஒருவன், பாரியோல் குடியிருப்பைச் சேர்ந்தவன், அந்தச் சனிக்கிழமையே அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அம்மா வாசலிலேயே நின்று பர்ஸைத் திறந்தார். "ஊர்க்காரங்களுக்குக் காசு கிடையாதும்மா" என்று அவனே சொன்னான். உள்ளே போய் ஒவ்வொரு படமாக விளக்கினான். பாதி வழிகாட்டி சொன்னது, பாதி அவனே சேர்த்தது. நான் திருத்தவில்லை. அம்மா சில இடங்களில் அவனை மறுத்துப் பேசினார், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, நாளைக்கும் திறந்திருக்குமா, வேறு எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டார். வரைபடத்தை விரித்துப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் வட்டத்தை மொனோப்ரி மேல் போட்டேன். எப்படியும் சாமான் வாங்க அங்கே போகத்தான் போகிறார்கள்.