ஒரு சிடுமூஞ்சி சிஸ்டரின் புனிதர்கள்

உனக்குப் பிடித்த புனிதர் யார் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பதில் சொல்வேன். அற்புதம் செய்தவர்கள், காட்சி கண்டவர்கள், மறைசாட்சியாக உயிர்விட்டவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு நெருக்கமானவர்களோ ஒரு சூதாடியும், ஜெபத்தில் தூங்கிவிழுந்த ஒரு பெண்ணும். நர்ஸ் வேலைக்கு வந்து 20 வருடமாகிறது, அதில் பாதி ராத்திரி டியூட்டி. அதற்கேற்ற ஆட்கள்தானே வாய்ப்பார்கள்.

சூதாடியின் பெயர் கமில்லஸ் தே லெல்லிஸ். 1550இல் இத்தாலியில் பிறந்தவர், நல்ல உயரம், போர்வீரர், முன்கோபி. காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அதைக் காட்டுவதற்காக உரோமையில் இருந்த புனித யாக்கோபு மருத்துவமனைக்குப் போய், அங்கேயே வேலையும் பார்த்தார். சீட்டும் சண்டையுமாக இருந்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். இருந்ததையெல்லாம் சூதில் தோற்றபின் கப்புச்சின் துறவிகளின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். அங்கேதான் 1575இல் மனம் மாறினார். சரி, துறவியாகலாம் என்று சபையில் சேர்ந்தால் கால்புண் மறுபடி திறந்துகொண்டது. அவர்களும் அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போனது அதே மருத்துவமனைக்கு. ஒருகாலத்தில் அவரைத் துரத்திய இடத்துக்கே பின்னாளில் பொறுப்பாளர் ஆனார்.

அன்றைக்கு அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கூலிக்கு வந்தவர்கள். கூப்பிட்டாலும் வரமாட்டார்கள், வந்தாலும் தொடமாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அன்பினால் இந்த வேலையைச் செய்கிற சிலரைச் சேர்க்க நினைத்தார் கமில்லஸ். அந்தக் குழுவுக்குத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586இல் அனுமதி கொடுத்தார். அவர்களுடைய கறுப்பு அங்கியில் சிவப்புச் சிலுவை வந்ததும் அப்போதுதான்.

அவரைப் பற்றிப் படித்ததில் ஒரு சிறிய குறிப்பு என்னை உலுக்கியது. மூச்சு நின்றதுபோலத் தெரிந்தாலும் கால் மணி நேரமாவது அருகிலிருந்து ஜெபியுங்கள், உடனே முகத்தை மூடாதீர்கள் என்று தன் சகோதரர்களுக்கு அவர் சொல்லிவைத்திருந்தாராம். உயிர் இருக்கும்போதே சிலரைப் புதைத்துவிட்டது அவருக்குத் தெரியவந்ததுதான் காரணம். நான் பார்த்த முதல் மரணத்தில் படபடப்போடு துணியை இழுத்து மூடப் போனேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "பொறு, அவசரம் என்ன?" என்றார். ரெண்டு பேரும் சும்மா நின்றோம். இது 400 வருடத்துப் பழக்கம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

கமில்லஸ்மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அந்தப் புண் 40 வருடத்துக்குமேல் ஆறவில்லை. ஆறுமா? அந்தக் காலோடு வார்டு வார்டாக நடந்திருக்கிறார். நிற்க முடியாத நாட்களில் ஒவ்வொரு கட்டிலாகத் தவழ்ந்து போனாராம். என் நோயாளியாக இருந்திருந்தால் காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்திருப்பேன். ஆனாலும், டிரஸ்ஸிங் பிரிக்கும்போது நோயாளி ஏன் முகம் சுளிக்கிறார் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

பெரு நாட்டின் லீமா நகரத்தில், துறவு மடத்தில் எடுபிடி வேலைகள் செய்த புனிதர் மார்ட்டின் தெ போரஸையும் சொல்ல வேண்டும். கையில் துடைப்பத்தோடுதான் அவரைப் படத்தில் வரைகிறார்கள். வார்டைக் கூட்டித் துடைப்பவர்களுக்கு யாரும் நன்றி சொல்லாத நாட்களில் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும்.

அப்புறம் தெரேசா. குழந்தை இயேசுவின் தெரேசா, சிறுமலர். பூக்களும் இனிப்பான புன்னகையுமாக அவரை ஆக்கிவிட்டதால் ரொம்ப நாள் நான் கண்டுகொள்ளவே இல்லை. 15 வயதில் பிரான்ஸின் லிசியே நகரத்துக் கர்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்து, காசநோயால் 24 வயதில், 1897இல் இறந்தவர். தன் வரலாற்றில், ஜெப நேரத்தில் தூங்கிவிடுவேன் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு டாக்டர்கள் நோயாளியைத் தூங்கத்தானே வைக்கிறார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு! நைட் டியூட்டி முடித்து நேரே பூசைக்குப் போய்க் கண்சொருகி உட்கார்ந்திருப்பவளுக்கு இதைவிட ஆறுதல் ஏது?

அதே வரலாற்றில் ஒரு வயதான சகோதரி வருகிறார். துணையில்லாமல் நடக்க முடியாதவர். சாயங்காலம் சாப்பாட்டு அறைக்கு அவரைக் கூட்டிப்போகும் வேலையைத் தெரேசா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால் கீழே தள்ளப்பார்க்கிறாய் என்பார் அந்த அம்மா, மெதுவாக நடந்தால் பிடியையே காணோம் என்பார். ஒருநாள் அவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவது தெரேசா கண்ணில் பட்டது. யாரும் சொல்லாமலே வெட்டிக்கொடுத்து, சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். பக்கவாதம், இடதுகை விழுந்துவிட்டது. ஒரு ராத்திரி 11 முறை மணியடித்தார். போனால் ஒன்றும் இல்லை. தலையணை சரியில்லை, விளக்கு கண்ணைக் கூசுகிறது, யாருமே வருவதில்லை. பதினோராவது முறை, "பாட்டி, எனக்கு நீங்கள் ஒருத்தர் மட்டுமா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. அதற்குப்பின் விடியும்வரை மணியே அடிக்கவில்லை, அதுதான் என்னை அறுத்தது.

மறுநாள் டியூட்டி ஏறியதும் அவர் கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்றேன். நேரம் இருக்கவில்லை, ஆனாலும் நின்றேன். தண்ணீர்க் குவளை இடதுபக்க மேசையில் இருந்தது. வலதுகையால் உடம்பைத் தாண்டி எட்டிப்பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். தாகம் என்று கேட்க ரோஷம், அதனால்தான் தலையணையும் விளக்கும். மேசையை வலதுபக்கம் தள்ளிவைத்தேன். அவ்வளவுதான் வேலை. இத்தனை நாளாக எங்களில் யார் கண்ணிலும் அது படவில்லை.

பாட்டி தண்ணீர் குடித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடி போடாமல் அவருக்கு முகம் தெரியாது.

"நேத்து ராத்திரி ஒரு சிஸ்டர் வந்தா, சரியான சிடுமூஞ்சி. அவளை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பாதம்மா" என்றார்.

அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு விளக்கைத் தணித்தேன்.