பரிணாமம் சிக்கலை நோக்கிப் போகிறதா? இரண்டு சோதனைக்குழாய்களின் பதில்

எளிய உயிரிலிருந்து சிக்கலான உயிருக்கு, அங்கிருந்து அறிவுள்ள உயிருக்கு: பரிணாமம் என்றதும் பலர் மனதில் வருவது இந்த வரிசைதான். இதை ஆய்வகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1960களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சால் ஸ்பீகல்மன் குழுவினர் எடுத்துக்கொண்டது, பாக்டீரியாவைத் தாக்கும் கியூபீட்டா வைரஸின் ஆர்என்ஏ, அதாவது அதன் மரபுச் செய்தியைத் தாங்கும் இழை. அதைப் பிரதியெடுக்கும் நொதி, இழையின் கட்டுமானத் துண்டுகளான நியூக்ளியோடைடுகள், உப்புகள் எல்லாம் ஒரு குழாயில். சிறிது நேரம் கழித்து அதில் கொஞ்சம் எடுத்து அடுத்த புதிய குழாயில் விடுவார்கள். போகப்போக இடைவெளியைக் குறைத்தார்கள். அதாவது சீக்கிரம் பிரதியாவது மட்டுமே அங்கே தகுதி. 74ஆவது குழாய்மாற்றத்துக்குள் ஆர்என்ஏ தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதிர்த்துவிட்டது. நொதியை வெளியிலிருந்து ஊற்றுகிறார்கள், மேலுறைப் புரதத்துக்கு வேலையே இல்லை. அவற்றின் மரபணுக்களைச் சுமந்த நீளமான பிரதிகள் பின்தங்கிப்போயின. மிஞ்சிய குட்டை ஆர்என்ஏவால் பாக்டீரியாவைத் தொற்றவும் முடியவில்லை.

இன்னொரு குழாயில் நேரெதிராக நடந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராட்க்ளிஃப், மைக்கேல் டிராவிசானோ குழு 2012இல் வெளியிட்ட சோதனை அது. ஒற்றைச் செல் உயிரான ரொட்டி ஈஸ்ட்டை ஊட்டத் திரவத்தில் ஒரு நாள் குலுக்கி வளர்த்து, பிறகு 45 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். அடியில் படிந்ததை மட்டும் புதிய திரவத்துக்கு மாற்றினார்கள். 60 நாளில் பத்துக் குழாய்களிலும் பனித்துகள் வடிவக் கொத்துகளே நிறைந்திருந்தன. மகள் செல் தாய் செல்லிடமிருந்து பிரியாமல் நின்றதுதான் காரணம். கனமான கொத்து சீக்கிரம் அடியில் இறங்கும். ஈஸ்ட்டின் மூதாதைப் பூஞ்சைகள் பலசெல் உயிர்கள், பழைய திறனே திரும்பியிருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்காகவே அப்படி மூதாதை இல்லாத கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியிலும் செய்து பார்த்தார்கள். அங்கும் பலசெல் வடிவம் வந்தது.

ஆக, திசையைத் தீர்மானிப்பது குழாயின் நிபந்தனை.

அப்படியென்றால் யானையும் ஆலமரமும் எப்படி வந்தன? உயிர் தொடங்கியதே சாத்தியமான மிகச் சிறிய அளவுக்குப் பக்கத்தில். அதற்குக் கீழே போக இடமில்லை. மாற்றங்கள் பரவப் பரவ மேல் எல்லை மட்டும் விரியும். சராசரி உயிர் இன்றும் பாக்டீரியாதான். அங்கும் சுருங்கியவை உண்டு: மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம், பெரிய மரபணுத்தொகுதி கொண்ட மூதாதையிடமிருந்து வந்து, ஏறத்தாழ 5,80,000 டிஎன்ஏ எழுத்து இணைகளில் நிற்கிறது. விருந்தோம்பியின் உடலிலேயே சத்து கிடைப்பதால் அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் வீண் சுமை.

அறிவுக்கும் விலை உண்டு. மனித மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஓய்வு நேர ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. அந்தச் செலவுக்கு ஈடான உணவு கிடைக்கும் இடத்தில்தான் பெரிய மூளை நிலைக்கும். ஆனாலும் காக்கையும் ஆக்டோபஸும் தனித்தனியாகக் கூர்மதியை எட்டியிருக்கின்றன. எனவே மூளை அவ்வளவு கடினமான தடை என்று நான் நினைக்கவில்லை. அதற்கு வெகு முன்னால் வந்த, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாதான் எனக்குப் பெரிய கேள்வி. பாக்டீரியாவைப் போலவே எளிய ஒற்றைச் செல் உயிரான ஆர்க்கியா ஒன்றுக்குள் ஒரு பாக்டீரியா குடியேறி மைட்டோகாண்ட்ரியாவாக நிலைத்ததில் பிறந்த வம்சம்தான் இன்றுள்ள விலங்கு, தாவரம், பூஞ்சை எல்லாம். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பாக்டீரியாக்கள் இங்கே வாழ்ந்தும், அப்படிப்பட்ட இரண்டாவது வம்சம் ஒன்றுகூட இதுவரை தென்படவில்லை.