பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: பேரியாட்ரிக் நோயாளிகளோடு மளிகைக் கடைக்குள்

உடல் எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவோ, சிறிதாக்கிய இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸோ) முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு டயட் சார்ட் இருக்கும். "தினமும் புரதம் 60 முதல் 80 கிராம்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருப்போம். கடையில் அப்படி எந்த ரேக்கிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பிஸ்கட் கவரில் இருந்து ஆட்டா பை வரைக்கும் எல்லாமே தன்னை "ஹெல்தி" என்கிறது. அதனால்தான் நோயாளிகளைக் கடைக்கே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பது பயன்படுகிறது. இதைத் தொடங்க நினைக்கும் டயட்டீஷியன்களுக்காகவும் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர்களுக்காகவும் எழுதுகிறேன்.

யாரை அழைத்துப் போவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் நான்கு வாரம் வேண்டாம். திரவ உணவும் கூழும் சாப்பிடுகிறவருக்குக் கடையில் வாங்க அதிகம் ஒன்றுமில்லை. நிற்கத் தெம்பு இருக்காது, மசாலா ரேக் வாசனைக்கே குமட்டும். மென்மையான உணவுக்கு மாறும் ஐந்தாவது, ஆறாவது வாரம் சரியான நேரம். நான்கு நோயாளிகள் போதும். ஒவ்வொருவரோடும் வீட்டில் சமைப்பவர் ஒருவர் கட்டாயம் வரவேண்டும். மாத மளிகை லிஸ்ட்டை எழுதுவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ மாமியாரோதான். சாப்பிடுகிறவருக்கு மட்டும் பாடம் எடுத்தால், அடுத்த மாதமும் அதே ரஸ்க்தான் வீட்டுக்கு வரும்.

வார நாளில் காலை பத்தரைக்குத் தொடங்குங்கள். மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், சம்பளம் வந்த கூட்டத்தில் ரேக் பக்கமே நிற்க முடியாது. மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கிளம்பும் முன் ஒரு முட்டையோ கொஞ்சம் தயிரோ சாப்பிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு வரச் சொல்லுங்கள். ஐந்து கிலோ ஆட்டா பையை இந்தச் சமயத்தில் தூக்கக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: ஆபரேஷன் செய்துகொண்டதைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதவர்கள் நிறையப் பேர். ரேக் நடுவில் நின்று "உங்க பைபாஸுக்கு அப்புறம்..." என்று சத்தமாக ஆரம்பிக்காதீர்கள். மருத்துவமனை பெயர் போட்ட பையும் வேண்டாம்.

நேராக பிஸ்கட் ரேக்குக்குப் போங்கள். வாங்க அல்ல, கணக்கு பழக. பாக்கெட்டின் பின்பக்கம் "100 கிராமுக்கு" என்ற பத்தியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். "ஒரு சர்விங்" என்று கம்பெனி வைத்திருக்கும் அளவு இரண்டு பிஸ்கட்டாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். அதை வைத்து இரண்டு பாக்கெட்டை ஒப்பிடவே முடியாது.

கணக்கு இதுதான். கலோரியின் கடைசி இலக்கத்தை வெட்டிவிடுங்கள். மிச்சம் நிற்கும் எண்ணுக்குப் பக்கத்தில் புரதம் வருகிறதா பாருங்கள். மீல் மேக்கர் 345 கலோரி, வெட்டினால் 34. புரதம் 52 கிராம். தாராளமாகத் தாண்டிவிட்டது. "புரோட்டீன்" என்று பெயரிலேயே போட்ட ஒரு பிஸ்கட் 480 கலோரி என்றால் 48 வர வேண்டும், உள்ளே இருப்பது பத்துப் பன்னிரண்டு கிராம்தான். வேர்க்கடலை 567 கலோரி, புரதம் 25. நல்ல பண்டம்தான், ஆனால் புரதத்துக்காக அதைச் சாப்பிடுகிறேன் என்பது கொழுப்பை மறந்த கணக்கு. நான்கைந்து பாக்கெட் பார்ப்பதற்குள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களே வெட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"மேடம், இதுல ஹை புரோட்டீன்னு போட்டிருக்கே?" என்று ஒருவராவது கேட்பார். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி திட உணவில் 100 கிராமுக்கு ஒரு நாள் தேவையில் 20 சதவீதம் புரதம் இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் ஒரு நாள் அளவு 54 கிராம், அதில் 20 சதவீதம் என்றால் சுமார் 11 கிராம். சாதாரண கோதுமை மாவிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. சட்டப்படி அந்த வார்த்தை பொய்யில்லை, நம் நோயாளிக்குத்தான் அதனால் பிரயோஜனமில்லை.

அடுத்தது சர்க்கரை. இங்கே அவசரப்படாதீர்கள். வயிற்றில் தங்கி அளவாக இறங்க வேண்டியது, பைபாஸ் ஆனவருக்கு நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. சர்க்கரை செறிவைச் சமன் செய்யக் குடல் தண்ணீரை இழுக்கும். பத்து நிமிடத்தில் இருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி. இதுதான் டம்ப்பிங். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கும். ஸ்லீவ் ஆனவர்களுக்கும் வரலாம், கொஞ்சம் குறைவு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழச் சிரப் எதற்கும் இதில் விலக்கு கிடையாது. "வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை" என்று பெருமையாகப் போட்ட சத்து மாவு லட்டு, வெல்லத்தில் பிடித்ததாகத்தான் இருக்கும்.

இதைவிட நுணுக்கமானது மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பவுடர். லேபிளில் "மொத்தச் சர்க்கரை" கணக்கில் அது வராது, உடம்பிலோ குளுக்கோஸ் போலவே வேகமாக ஏறும். அதனால் சர்க்கரை வரிசையில் பூஜ்யம் இருந்தாலும், அதற்கு மேலே உள்ள கார்போஹைட்ரேட் வரிசையையும் விரல் வைத்துப் பார்க்கப் பழக்குங்கள். மருந்துக் கடைச் சத்துப் பவுடர்கள் பலவற்றில் சேர்மானப் பட்டியலின் முதல் இரண்டு பெயருக்குள் இது உட்கார்ந்திருக்கும். எடையில் அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. "சுகர் ஃப்ரீ" சாக்லேட் என்றால் சேர்மானப் பட்டியலில் 965, 420 என்ற எண்களைத் தேடுங்கள், மால்டிட்டால், சார்பிட்டால் என்ற இனிப்பூட்டிகள் அவை. டம்ப்பிங் வராமல் போனாலும் வயிறு ஊதி, வெளிக்குப் போக வைக்கும்.

ஃப்ரிட்ஜ் பக்கம் வேலை சுலபம். டபுள் டோன்டு பாலில் கொழுப்பு 1.5 சதவீதம், டோன்டில் 3, ஃபுல் க்ரீமில் 6. புரதம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எனவே கொழுப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம். கிரீக் யோகர்ட்டில் ப்ளெயின் மட்டும். இல்லையென்றால் வீட்டுத் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பனீர் நம் கணக்கில் தேறாது: 300 கலோரிக்கு 18 கிராம்தான். ஆனாலும் வாங்கச் சொல்வேன். ஆரம்ப மாதங்களில் காய்ந்த சிக்கன் துண்டு அடைத்துக்கொண்டு வாந்தி வரும், உதிர்த்த பனீர் 50 கிராம் நிம்மதியாக இறங்கி 9 கிராம் புரதம் தரும். கணக்கு சல்லடைதான், சட்டமில்லை. மீல் மேக்கர் இதற்கு நேர் எதிர். கணக்கில் முதலிடம், ஆனால் உருண்டையாகப் போட்டால் ரப்பர் மாதிரி நிற்கும். ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்தான் சரிப்படும். காய்ந்தது 20 கிராம் எடுத்தாலே 10 கிராம் புரதம்.

நம்மூர்க் கடையில் உண்மையான ஆபத்து ஸ்வீட் அல்ல, கார வகை. இனிப்பு சாப்பிட்டால் டம்ப்பிங் வந்து உடம்பே கண்டிக்கும். முறுக்கு, மிக்சர், ஓமப்பொடி, டீயில் நனைத்த வர்க்கி எதுவும் அப்படிக் கண்டிக்காது. வாயில் மொறுமொறு, உமிழ்நீர் பட்டதும் கூழ், அப்படியே வழுக்கி இறங்கிவிடும். இரைப்பை சுருங்கியதன் பலனே கெட்டியான உணவு கொஞ்ச நேரம் தங்கி வயிறு நிறைவதில்தான். இவை தங்குவதே இல்லை. இரண்டு இட்லி முடியாமல் தட்டைத் தள்ளுகிறவர், டிவி பார்த்துக்கொண்டே நூறு கிராம் மிக்சரை முடித்துவிடுவார். ஐந்நூறு கலோரிக்கு மேல். ஒன்றிரண்டு வருடம் கழித்து எடை திரும்ப ஏறுகிறது என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த ரேக்கைப் பற்றித்தான்.

காய்கறிப் பகுதியில் அதிகம் நிற்க வேண்டாம். சுரை, பூசணி, பீர்க்கங்காய் சுலபம். வாழைத்தண்டு நார், கீரைத்தண்டு, முருங்கைச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை மட்டும் இப்போதைக்கு வேண்டாம், கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

பானங்களில் சோடா போட்டது எதுவும் கிடையாது என்று ஒரே வரியில் முடிக்கலாம். ஆனால் உடம்பில் நீர் குறையும்போது குடிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் குறைந்து தலைசுற்றும்போது பலர் எடுப்பது பழ ருசி டெட்ரா பேக்கைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. அந்த ஃபார்முலா இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. மருந்துக் கடையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பவுடர் பாக்கெட்டாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஜெல்லி மிட்டாய் மாதிரி மெல்லும் "கம்மி" (gummy) வைட்டமின்களை மிட்டாய் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், பெரும்பாலும் இரும்புச்சத்தே இருக்காது. கால்சியத்தில் சிட்ரேட்டாகப் பார்த்து எடுக்கவேண்டும், கார்பனேட் செரிக்க அமிலம் வேண்டும், அது இப்போது குறைவு. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி.

பிராண்ட் பட்டியல் மட்டும் கொடுக்காதீர்கள். அதே பெயரில், அதே கவரில், சேர்மானம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாளே பெரிய வே புரோட்டீன் (பாலில் இருந்து எடுக்கும் புரதப் பவுடர்) டப்பா வாங்குவதையும் தடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நாக்கு ருசி மாறும், திறந்த டப்பா அலமாரியில் தூங்கும். ஒற்றை சாஷேயில் தொடங்கட்டும். ஆளுக்கு மூன்று பொருளுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும், பில் போடும் முன் ஒவ்வொன்றின் கணக்கையும் வெட்டிக் காட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கும்போது எல்லோரும் பாக்கெட்டின் முன்பக்கத்தைத்தான் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பின்பக்கம், மடிப்பை நீவி, சேர்மானப் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுக்க, கடையிலேயே ஒருமுறை எடுத்துக் காட்டிவிடுங்கள்.