ஒரு கறைக்கு நான்கு காரணங்கள்

வீடு வாங்க வருகிறவர்கள் தரையையும் சமையலறை மேடையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுச் சோதனைக்கு வருகிறவர் நிற்கும் இடங்கள் வேறு. குளியலறைச் சுவரின் மறுபக்கம், ஜன்னலின் கீழ் மூலை, மேல்தளத்தின் அடிப்பக்கம், மெயின் போர்டின் உள்பக்கம். குறையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். அது எதனால் வந்தது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. செலவு எவ்வளவு என்பது காரணத்தைப் பொறுத்தது.

சுவரில் ஓதம் அடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவர் நெடுகக் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். குழாய்க் கசிவு ஒரு புள்ளியை மையமாக வைத்து விரியும். எத்தனை நாள் வெயில் அடித்தாலும் காயாது. வெளிச்சுவர் விரிசல் வழியாக வரும் மழைநீர் மழைக்குப் பின் கருத்து, சில நாளில் வெளிறும். காற்றோட்டமில்லாத மூலையில், அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்து, உப்பே இல்லையென்றால், அது பெரும்பாலும் அறைக்குள் உள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிந்ததால் வந்தது. கடைசி வகைக்கு ஒரு எக்ஸாஸ்ட் விசிறியே போதுமானதாக இருக்கலாம். குழாய்க் கசிவுக்குப் பெரும்பாலும் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். காரணம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், சில மாதங்களில் கறை பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

சுவரின் ஈரத்தை மின்சாரம் பாய்ச்சி அளக்கும் ஈரமானியை மட்டும் நம்புவதும் தவறு. ஈரத்தில் கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அதனால் உப்பேறிய சுவரில் அது நிஜ ஈரத்தைவிட அதிகமாகவே காட்டும். தரையிலிருந்து 30 செ.மீ. இடைவெளியில் மேல்நோக்கி அளந்து, எண் எங்கே குறைகிறது என்று குறித்துக்கொண்டால்தான் படம் தெளியும். வெப்பக் கேமராவும் அப்படித்தான். அது காட்டுவது குளிர்ச்சியை, தண்ணீரை அல்ல.

விரிசலிலும் முதலில் பார்க்க வேண்டியது அதன் போக்கு. பூச்சில் தலைமுடி போல ஓடும் கோடுகள் பெரும்பாலும் காரை காயும்போது சுருங்கியவை. செங்கல் இணைப்பைப் பிடித்துப் படிக்கட்டு போல ஏறுவதோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பிளந்து 5 மி.மீ.க்கு மேல் அகன்றதோ அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைச் சொல்லக்கூடும். அங்கே கட்டமைப்புப் பொறியாளரை அழைக்கச் சொல்லி எழுதுவதோடு எங்கள் பங்கு முடிகிறது. விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சத்தை ஒரு பட்டையாகப் பூசித் தேதி எழுதி வைப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. பட்டை உடைந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை.

மேல்தளத்தின் அடியில் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் கான்கிரீட் இறுகியிருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. உள்ளிருக்கும் கம்பியில் ஏறும் துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி மூடுவது வியாதியை மறைப்பதுதான். காரையைத் தட்டியெடுத்து, கம்பியைத் துருப் போகத் தேய்த்து, அதற்கான பூச்சு கொடுத்து, பிறகுதான் மூட வேண்டும். மேலேயிருந்து இறங்கும் தண்ணீரை முதலில் நிறுத்தாவிட்டால் அதுவும் வீண்.

மின்சாரத்தில் அடிக்கடி பார்ப்பது இது: 1.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்). அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று யாரோ பெரியதை மாட்டியிருப்பார்கள். இனி ட்ரிப் ஆகாது, ஆனால் வயர் சூடாகும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் அது விழ வேண்டும். விழவில்லையென்றால் அங்கே உயிர்க் காவல் இல்லை.

தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் முந்தைய நாளே தயாராக வேண்டும். வீட்டுக்காரர் அனுமதியோடு குளியலறை வடிகாலை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்தில் பார்க்கிறோம். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டரின் முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது.

விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் நாங்கள் முதலில் போவது அங்கேதான். விற்பனைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சோதித்து, சரிசெய்து, மூடுவதற்கு முன் எடுத்த படங்களையும் ரசீதுகளையும் காட்டுங்கள். பேரம் முடியும் தறுவாயில் வெளிப்படும் குறைக்கு வாங்குபவர் ரிப்பேர்ச் செலவை மட்டும் கழிப்பதில்லை; இன்னும் என்னென்ன மறைந்திருக்கிறதோ என்ற பயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்.

சோதிப்பவரே ரிப்பேர் வேலையையும் எடுத்துச் செய்தால் அந்த அறிக்கையை நம்பாதீர்கள். சுவரை உடைக்காமல், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டுவதைத்தான் எங்களால் சொல்ல முடியும். புதைந்த குழாயின் ஆயுளை யாரும் உறுதி சொல்ல முடியாது. சோதனை நடக்கும்போது வாங்குபவர் கூடவே நடந்து வருவது நல்லது. மெயின் வால்வு இருக்கும் இடத்தை அன்றே கேட்டு, வீட்டுக்காரர் முன்னிலையில் மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும்; குழாய் வெடிக்கிற ராத்திரியில் அது தெரியவந்து பயனில்லை.